மூடியில் வைத்த சந்தனம்

குருவம்மாள் மதினி போன தை மாதம் கண்ணை மூடினாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் உயிரோடு இருக்கிறவரை இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று அவள் புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே, எழுதினால் என்ன என்று கேட்கலாம். தென்காசியில் ஒரு சங்கதியைக் காகிதத்தில் எழுதி வைத்தால் அது காலையில் மேலகரம் போய், மத்தியானம் குற்றாலத்தில் குளித்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் சம்பந்தப்பட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அவள் புருஷன் பலவேசத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரிய மனிதர் ஒன்றும் இல்லை. டாக்டர் ஞானசம்பந்தத்தின் மோட்டார் சைக்கிளை ஓட்டினார், பழுது பார்த்தார், செத்துப் போனார். நான் அதே டாக்டரிடம் கம்பவுண்டர், பெயர் நாறும்பூநாதன். பன்னிரண்டு பதிமூன்று வருஷம் அவர் ஓட்ட, டாக்டர் அவர் பின்னால் உட்கார, நான் சைடுகார் என்கிற பக்கத்துத் தொட்டியில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜில்லாவின் மேற்குப் பாதி முழுக்கக் குலுங்கியிருக்கிறேன். என் முதுகுவலிக்கு அவர்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போனவர் அவர். அங்கே மூன்று வருஷம் லாரி ரிப்பேர் செய்கிற கொட்டகையில் வேலை. திரும்பி வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறைய ஸ்பானரும், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிற குளிர்காய்ச்சலும் கொண்டுவந்தார். எஞ்சினைப் பற்றி இந்தச் சீமையில் தன்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது என்கிற நினைப்பையும் கூடவே கொண்டுவந்தார். அந்த நினைப்பு அநேகமாக உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல்.

செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது தன் மோட்டார் சைக்கிளைத் தொட்டியோடு விற்றான். டாக்டர் வாங்கினார். முதல் நாளே ஒரு வைக்கோல் படப்புக்குள் போய் நின்றார். மறுநாள் பலவேசத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வண்டிக்குச் சீக்கு வந்தால் அவர் பார்க்கிற விதமே தனி. முதலில் தொட மாட்டார். சுற்றி வந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஓடவிட்டுக் காதைக் கொடுப்பார். எங்கள் டாக்டர்கூட நோயாளியை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தது கிடையாது. "நெருப்பு, காத்து, எண்ணெய். இதுல ஒண்ணு வரலேன்னா வண்டி இருமும். எது வரலேன்னு கண்டுபிடிக்கதுதான் வேலை" என்பார். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் நெருப்புப் பொறி தருகிற மேக்னட்டோவில் ஈரம் ஏறி வண்டி கனைக்கும். அதைக் கழற்றிக் கொண்டுபோய் மதினியின் அடுப்பங்கரையில் காயவைத்து மாட்டுவார். மதினி புலம்புவாள். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு சட்டி மாதிரி இருக்கும்.

ஒரு தடவை, ஓடும்போது எங்கோ கிளிக் கிளிக் என்று கேட்கிறதே அண்ணாச்சி என்றேன். "மருந்து கலக்குதவன் மருந்தக் கலக்கு. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து வண்டியைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். தீப்பிடித்தாலும் சொல்லப் போவதில்லை என்று என் பெண்டாட்டியிடம் சபதமே போட்டேன். எனக்கு அப்படி ஒரு வீம்பு உண்டு.

அவருக்கு ஒரே மகள், மாடத்தி. அவர் பஸ்ராவுக்குப் போகும்போது கைக்குழந்தை. திரும்பி வந்தபோது யாரோ மீசைக்காரன் வந்துவிட்டான் என்று அழுதுகொண்டே அடுப்படியில் போய் ஒளிந்தாளாம். அந்த வருஷங்களைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, அப்புறம் அவளைத் தரையில் விடாமல் வளர்த்தார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில், எங்கள் டாக்டர் கையில். பெரும்பாடு பட்டு எடுத்தும் பிள்ளை தங்கவில்லை. அடுத்த பேறும் என் கண்முன்னால்தான் நடக்க வேண்டும், எட்டாம் மாதமே கொண்டுவந்துவிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் இரண்டாவது பேறு புருஷன் வீட்டில்தான் என்று மாமியார்க்காரி பிடித்த பிடியில் நின்றாள். வழக்கம் அப்படித்தான், நாம் என்ன சொல்ல முடியும்? பலவேசம் மூன்று தடவை போய்க் கெஞ்சினார். கடைசியில், சரி, ஆயுத பூஜை கழியட்டும், நல்ல நாள் பார்த்து அனுப்புகிறோம் என்று இறங்கி வந்தார்கள். இது முப்பத்திநாலாம் வருஷம்.

ஆயுத பூஜை எங்களுக்கு டிஸ்பென்சரிக்குப் பின்னால் வண்டிக் கொட்டகையில்தான். என் கத்தரியும் இடுக்கியும் கல்வமும் அவருடைய ஸ்பானர்களும் ஒரே பலகையில் இருக்கும். வண்டிக்குப் பொட்டு வைப்பது எப்போதும் அவர்தான். விளக்குக்கு மேலே பட்டும் படாமலும் ஒன்று வைப்பார். அந்த வருஷம் மதினி வந்தாள். விடியுமுன்னே குளித்து, உலகம்மன் சந்நிதிக்குப் போய்விட்டு, வீட்டில் அரைத்த சந்தனத்தை ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் வைப்பேன் என்றாள்.

விளக்குப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். இது வண்டிக்குக் கண் அல்லவா, கண்ணில் போய் யாராவது பொட்டு வைப்பார்களா, நெற்றி எங்கே என்று கேட்டாள். கண்ணுக்கு மேலே பார்த்துக்கொண்டே வந்து, பெட்ரோல் டேங்கின் வட்ட மூடிதான் நெற்றி என்று அவளே முடிவு செய்தாள். மூடி மறைகிற மாதிரி சந்தனத்தை அப்பி, நடுவில் அம்மன் குங்குமத்தை வைத்தாள். "எம் பிள்ளைய நல்லபடியா கொண்டாந்து சேத்துரு" என்று வண்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பலவேசமும் பக்கத்தில்தான் நின்றோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக் கூடாது என்பதால் வண்டி வெளியே போகவில்லை. மறுநாள் காலையில் பலவேசம் டேங்கை நிரப்பினார். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அது கலைந்துவிடக் கூடாதென்று மூடியின் ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் திருகினார். முரட்டுக் கை அவ்வளவு பதனமாக ஒரு மூடியைத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எட்டு மணிக்குப் புளியங்குடிப் பக்கமிருந்து வந்த பஸ் டிரைவர் தகவல் கொண்டுவந்தார். மாடத்திக்கு நேற்றுச் சாயங்காலமே வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், டாக்டரை உடனே கூட்டி வரச் சொன்னார்கள். அடுத்த பஸ் மத்தியானம்தான். வண்டியில் போனால் இருபத்திரண்டு மைல், ஒரு மணி நேரம். மதினிக்குப் பஸ்ஸில் வரும்படி ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

இடைகால் தாண்டியதும் வண்டி இருமியது. அதுவரை பூப்போல ஓடிய வண்டி. இழுவை குறைந்தது, விட்டு விட்டு வெடித்தது, பிறகு ஓய்ந்து நின்றுவிட்டது. பலவேசம் இறங்கினார். அன்றைக்கு அவர் சுற்றி வந்து பார்க்கவில்லை, முகரவில்லை, காதைக் கொடுக்கவில்லை. இறங்கின கையோடு ஸ்பானரை எடுத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், வேறு பிளக் போட்டார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார், நிறைய இருந்தது. மிதித்தார், கிளம்பிவிட்டது. பிளக்தான் என்றார்.

அவர் மூடியைத் திறந்தபோது உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. அது என்ன என்று கேட்க வாய் வந்தது. மருந்து கலக்குகிறவன் மருந்தைக் கலக்கு என்று சொன்னவரிடம் நான் ஏன் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

கடையநல்லூரை நெருங்கும்போது மறுபடியும் அதே இருமல். இந்தத் தடவை மேக்னட்டோவைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். அவசரத்தில் ஒரு சின்னத் திருகாணி மண்ணில் விழுந்து, நாங்கள் மூன்று பேரும் குனிந்து தேடினோம். கிளம்புவதற்கு முன்னால் மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி உஸ். வண்டி கிளம்பியது. கடையநல்லூரில் ஒரு ராவுத்தரிடம் கார் இருந்தது; கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார். கேட்டுப் பார்ப்போமா பலவேசம் என்றார் டாக்டர். வேண்டாம் ஐயா, மேக்னட்டோதான், இனி நிற்காது என்றார் அவர். அதை அவர் மனசாரச் சொன்னார். கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் கோளாறு என்று ஒவ்வொரு தடவையும் நம்பினார்.

சொக்கம்பட்டிக்கு அப்பால் மூன்றாவது தடவை நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜெட்டைக் கழற்றினார். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி வாயால் ஊதினார், மூடியைத் திறந்தார், மூடினார். அழுகையா வியர்வையா தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது. ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரன் உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போனான்.

புளியங்குடி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மாடத்தி காலையிலிருந்து, "அப்பா வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாளாம். நாங்கள் போனபோது கேட்கிற நிலையில் இல்லை. டாக்டர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை, உயிர் இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம்தான். பலவேசம் வாசற்படியில் ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர், ஆனால் நாக்கை அடக்கத் தெரியாதவர். கையைக் கழுவிக்கொண்டே, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரையும் காப்பாற்றியிருப்பேன் என்று கூடி நின்றவர்களிடம் சொன்னார். மத்தியான பஸ்ஸில் மதினி வந்து இறங்கியதும் அவளிடம் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தச் சொல்தான்.

டாக்டர் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டார். நான் பலவேசத்தோடு இருந்தேன். இரவெல்லாம் மழை கொட்டியது. வண்டி புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது. காலையில் மழை விட்ட நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தார்கள். தாயை விழுங்கிய பிள்ளை இங்கே வேண்டாம் என்று மாமியார்க்காரி சொன்னாள். மதினி பிள்ளையை வாங்கிச் சேலைக்குள் பொதிந்துகொண்டாள்.

அடுத்த நாள் மதினியும் பிள்ளையும் தொட்டியில், நான் பலவேசத்துக்குப் பின்னால். வண்டி இருமவில்லை. சொக்கம்பட்டியில் நிற்கவில்லை, கடையநல்லூரில் நிற்கவில்லை, இடைகாலில் நிற்கவில்லை. இருபத்திரண்டு மைலும் ஒரே சீராக ஓடியது. நிற்கக் கூடாதா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்திலாவது நின்றிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கொட்டகையில் இறங்கியதும்தான் மதினி வாயைத் திறந்தாள். "அன்னைக்கு நின்ன வண்டி இன்னைக்கு மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டாள். அவள் டேங்க் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் வச்ச சந்தனந்தான் இந்தப் பிள்ளையவாது காப்பாத்துச்சு. உங்க கைவேல எம் பொண்ணக் கொன்னுட்டு." இவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சுற்றி வந்து பார்க்க ஆரம்பித்தார், பழையபடி. முகர்ந்தார். ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். கடைசியில் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே இருந்த சந்தனத்தை மழை கரைத்துக்கொண்டு போயிருந்தது. மூடியின் நடுவில் ஒரு ஊசித்துவாரம் உண்டு. எனக்கு அன்றுதான் தெரியும். அதன் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு ஊசி கொடு என்றார். இன்ஜெக்ஷன் ஊசியை எடுத்து வந்து கொடுத்தேன். குத்தினார். கடுகளவு சந்தனம் உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்தத் துவாரம் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் காற்றுப் புகுந்து மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இதையெல்லாம் மெதுவாகச் சொன்னார். நெருப்பு வந்தது, எண்ணெய் இருந்தது, காற்றுத்தான் வரவில்லை, மழை அடைப்பைக் கரைத்ததால்தான் இன்றைக்கு ஓடியது என்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இது குருவம்மா காதுக்குப் போகக் கூடாது. அவ சாகுத மட்டுக்கும் போகக் கூடாது. ஜெட்டுல தூசி இருந்துச்சு, நாந்தான் பாக்கலே. அம்புட்டுத்தான்."

வாக்குக் கொடுத்தேன். உஸ் என்று எனக்குக் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. பயம்.

பிள்ளைக்கு முப்பிடாதி என்று பெயர் வைத்தார்கள். மதினி புருஷனுக்குச் சோறு பொங்கினாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், ஆனால் பேசுவதில்லை. நான்கு மாதப் பிள்ளையைப் பார்த்து, "முப்பிடாதி, தாத்தாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். தாத்தாவும் அந்தப் பிள்ளையிடமே, "இந்தா வாரேன்னு சொல்லு" என்பார். பிள்ளை இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும். பிள்ளை வளர்ந்து உண்மையாகவே தூது சொல்லத் தொடங்கியபோது அதற்கு இது ஒரு விளையாட்டு என்றே நினைப்பு.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மதினி கிண்ணத்தோடு வந்துவிடுவாள். பேத்தியைக் காப்பாற்றின சந்தனம் அல்லவா? மூடி மறைய அப்புவாள். அவர் கைகட்டிக்கொண்டு நிற்பார். வேறு இடத்தில் வை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை; சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் தெரு முனை திரும்பியதும் என் பக்கம் கையை நீட்டுவார். நான் ஊசியைக் கொடுப்பேன். பொட்டுக் கலையாமல் அந்தத் துவாரத்தை மட்டும் குத்தி விடுவார்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லை. டாக்டர் குதிரை வண்டிக்கு மாறினார். மோட்டார் சைக்கிள் கொட்டகையிலேயே நின்றது. நாற்பத்துமூன்றில் பலவேசத்துக்கு அந்தப் பழைய பஸ்ரா காய்ச்சல் வந்தது, இந்தத் தடவை போகவில்லை. மருந்து கொடுக்கப் போன ஒரு நாள், மதினி கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், இனியும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தபோதெல்லாம் எனக்கு உஸ் என்று கேட்டது அண்ணாச்சி, வீம்புக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன், என்னை மன்னிச்சிருங்க என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கும் கேட்டுதுலே. மூணு தடவையும் கேட்டுது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இந்த ஆயுத பூஜைக்கும் அவள் சந்தனம் வைப்பாள், நீ பின்னாலேயே போய் அந்தத் துவாரத்தைக் குத்திவிடு என்றார். வண்டிதான் ஓடவில்லையே என்றேன். "ஓடலேன்னாலும்" என்றார். நாலாம் நாள் போய்விட்டார்.

அந்தப் புரட்டாசியில் மதினி வெறும் நெற்றியோடு பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தான் இப்போது வைக்கக் கூடாது என்று சொல்லி, முப்பிடாதி கையில் கிண்ணத்தைக் கொடுத்து மூடியைக் காட்டினாள். ஒன்பது வயசுப் பிள்ளை சந்தனத்தை அப்பிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டது. மதினி போகவில்லை.

"தம்பி, நீங்களும் கூடத்தான போனீய. ஒரு வார்த்த உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு வண்டிக்கு என்னதான் ஆச்சு?"

செத்தவருக்கு இனி என்ன, உண்மையைச் சொல்லி அவர் பெயரையாவது காப்பாற்றலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு, "ஜெட்டுல தூசி மதினி. அண்ணாச்சி கவனிக்கல" என்றேன்.

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "சாகுத வரைக்கும் அவியளும் எல்லாத்துட்டயும் அதத்தான் சொன்னாவ. நாந்தான் நம்பல. குடிச்சிருப்பாவளோ, வழியில எங்கனயும் நின்னுருப்பாவளோன்னு என்னென்னமோ நெனச்சேன். ஒரு தூசிக்குப் போயி, தம்பி, ஒம்பது வருசம் அந்த மனுசன்ட்ட பேசாம இருந்துட்டேனே" என்று சொல்லி, வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

பேத்தி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். மூடியை ஓரத்தில் பிடித்துத் திறந்தேன். டேங்க் காய்ந்து கிடந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. பொட்டுக் கலையாமல் குத்திவிட்டு மூடினேன்.